முன்னால் யாருமில்லை

முன்னால் வண்டியே இல்லை.

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் சேறு இல்லை. வெறும் மழை.

முதல் வளைவில் அவனுக்கு முன்னே போன கார்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சிதறி நின்றன. நடுவில் கிடைத்த சந்தில் நுழைந்தான். வெளியே வந்தபோது பந்தயப் பாதை காலியாக இருந்தது.

இத்தனை வருடமும் மழைப் பந்தயம் என்றால் அவனுக்கு முன்வண்டி வாரியிறைக்கும் தண்ணீர்தான். அந்த வெள்ளைக்குள் மங்கலாக ஒரு சிவப்புப் பின்விளக்கு தெரியும். அது பளிச்சென்று எரிந்தால் அவனும் பிரேக்கை மிதிப்பான்.

இப்போது ஓரத்துப் புல் தெரிந்தது. வேலிக்கு அப்பால் ஒரு சோளக்காடு தெரிந்தது. அங்கே சோளக்காடு இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அவன் ஓட்டுவது எப்போதும் அடுத்தவர் கார். ஒரு வருடம் பேட்டரிக் கடைக்காரரின் கார். ஒரு வருடம் போர்வெல் கம்பெனியின் கார். இந்த வருடம் கோவையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பூங்கோதை அம்மாவின் கார்.

வழக்கமாக ஓட்டுகிறவருக்குக் கை ஒடிந்தால் அவனைக் கூப்பிடுவார்கள். ஜெயிப்பான் என்று அல்ல. வண்டியை உடைக்காமல் திருப்பிக் கொடுப்பான் என்று.

நேர்ப்பாதை முடிந்து வலது வளைவு வந்தது.

எங்கே பிரேக் பிடிப்பது?

அதைக் காட்டிக்கொடுக்க முன்னால் எந்தச் சிவப்பு விளக்கும் இல்லை. வெகு சீக்கிரமே மிதித்தான். வண்டி தேவைக்கு மேல் அடங்கிவிட்டது.

அப்படியானால் தள்ளி மிதிக்க இன்னும் தூரம் மிச்சம் இருக்கிறது.

அடுத்த சுற்றில் சற்றுத் தள்ளி மிதித்தான்.

இன்னும் மிச்சம்.

பின்னால் ஒரு மஞ்சள் கார் வந்து சேர்ந்தது. பெரிய டீம், புது டயர். அவன் இறைக்கும் தண்ணீருக்குள் அது மறைந்து மறைந்து தெரிந்தது. உள்ளே இருப்பவனுக்கு என்ன தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். ஒன்றும் தெரியாது.

கடைசிச் சுற்று.

போன சுற்றில் மிதித்த இடத்திலேயே மிதித்தால் போதும். மஞ்சள் காரால் தாண்ட முடியாது. வாழ்க்கையில் முதல் கோப்பை. அதெல்லாம் அவனுக்கு நன்றாகவே விளங்கியது.

மிச்சம் எவ்வளவு என்பதுதான் விளங்கவில்லை.

அந்த இடம் வந்தது.

போனது.

பிறகு மிதித்தான்.

ஒரு கணம் பிடித்தது. அடுத்த கணம் சக்கரங்கள் தண்ணீர்மேல் ஏறின. ஸ்டியரிங் கையில் பஞ்சாகிவிட்டது. புல். சேறு. ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்ச் சுவரில் ஓர் இடி.

ரிவர்ஸ் போட்டு மீண்டும் பாதைக்கு வருவதற்குள் மூன்று கார்கள் போய்விட்டன.

நான்காவதாக வந்து வண்டியை நிறுத்தினான். முன்பம்பர் பாதி தொங்கியது. பூங்கோதை அம்மா குடையை மடக்கிவிட்டு, குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"பிரேக் நிக்கலீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பிரேக்கைச் சரிபார்த்துக் கொடுத்த மெக்கானிக் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நல்லாத்தான் நின்னுதுங்க. நான் லேட்டா புடிச்சேன்."

"நான் இங்க நின்னே பிரேக்க மிதிக்கற மாதிரி கால அமுக்கிட்டனுங்க. நீங்க அமுக்கலையே. ஏனுங்க?"

"எது வரைக்கும் தாங்கும்னு பாத்தேனுங்க."

அவர் அவனையே பார்த்தார். கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"பாத்தாச்சா?"

அவன் தலையசைத்தான்.

அவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "கம்பி வெச்சுக் கட்டிருங்க. மத்தியானம் இன்னொரு ரேஸ் இருக்குதுல்ல."

கோப்பை கொடுக்கும் இடத்தில் கைதட்டல் கேட்டது. அது அடங்கி, எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு, தூறலில் நனைந்தபடி அவன் அந்த வளைவுக்கு நடந்தான்.

புல்லில் அவன் வண்டி உழுத இரண்டு தடங்களிலும் தண்ணீர் தேங்கியிருந்தது.

அங்கே ஏற்கனவே ஒருவன் நின்றிருந்தான். மஞ்சள் உடுப்பு. கோப்பையைத் தரையில் வைத்திருந்தான்.

தடம் தொடங்கும் இடத்திலிருந்து தார்ப்பாதையில் ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி நடந்து, குனிந்து, பிரேக் பிடித்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.