வெட்டாத பெயர்

"மேல்கட்டில் ஜெர்மன்காரன் இரவிரவாக் குறட்டை, கௌரி. கீழை கிடக்கிற எனக்கு நித்திரை எங்கை?"

தில்லைநாதனின் குரல் ரிசீவருக்குள் கரகரத்தது. கௌரிக்குச் சிரிப்பு வந்தது. கொழும்பில், வெள்ளவத்தை வீட்டில் படலை வரைக்கும் போவதென்றாலும் சேட் போட்டுக்கொண்டு போகிற மனுஷன், பாங்கொக்கில் அரைக்காற்சட்டையும் முதுகுப்பையுமாக நிற்பதை நினைத்துப் பார்த்தாள். புறப்பட்டுப் போன முதல் கிழமையிலேயே அப்படி ஒரு படமும் அனுப்பியிருந்தான்.

வெள்ளைக்காரப் பெடியள் தங்குகிற மலிவு ஹொஸ்டலில் அவர்களோடு கலந்து நின்றால் பொலிஸ் திரும்பியும் பாராது, இரண்டே கிழமையில் லண்டனுக்கு ஏற்றிவிடுகிறேன் என்று ஏஜென்சிக்காரன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். தாலிக்கொடி தவிர அவளுடைய நகை எல்லாம் அந்த வாக்கை நம்பித்தான் போனது. "லண்டன் மண்ணை மிதிக்காமல் உம்மடை முகத்திலை முழிக்க மாட்டன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டான் தில்லைநாதன். இரண்டு கிழமை இப்போது நாலு மாதம்.

"சாப்பாடு எப்பிடி?"

"குசினி எல்லாருக்கும் பொது. அவனவன் தன்ரை பாலிலையும் முட்டையிலையும் பேர் எழுதி வைக்கிறான். எழுதாட்டி அடுத்தவன் திண்டிடுவான்."

"நீங்களும் எழுதி வைக்கிறியளோ?"

"எழுதி வைக்க என்னட்டை என்ன கிடக்கு?"

பேர் என்றதும் கௌரி திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கதிரையில் வீட்டுக்காரப் பத்மாவதி அக்கா பேப்பரை விரித்துப் பிடித்தபடி காதை மட்டும் இங்கே வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் மேசையில் பொலிஸ் பதிவுத் தாள் கிடந்தது. இந்த வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று ஸ்டேசனில் எழுதிக் கொடுத்த தாள் அது. வாடகைக்கு இருப்பவர்களில் முதல் பெயர் தில்லைநாதன்.

"ஆளில்லாத பேர் பதிவிலை கிடந்தா, செக்கிங் வரேக்கை ஆள் எங்கை எண்டு என்னைத்தான் குடைவாங்கள். நாளைக்குக் காலமை ஸ்டேசனுக்குப் போய் வெட்டிப்போட்டு வாரும் பிள்ளை. இல்லாட்டி வேறை வீடு பாரும்" என்று இன்று காலையும் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

அக்காவையும் குறை சொல்ல முடியாது. ஆனால் உயிரோடு இருக்கிற மனுஷனின் பெயரைக் கட்டினவளே போய் வெட்டுவதா? மனம் கேட்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று நாலு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, பதிவிலை இருக்கிற உங்கட பேரை வெட்டச் சொல்லி அக்கா ஒற்றைக்காலிலை நிக்கிறா. என்ன செய்ய?"

தில்லைநாதனின் குரல் தாழ்ந்தது.

"வெட்டிவிடும். நான் இனி ஆருக்கு உதவுற ஆள்? நீரும் பிள்ளையும் நிம்மதியா இருங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? இந்தக் கிழமை ஏத்துறாங்கள் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஏத்துவாங்கள்... ஏத்துவாங்கள். ஒண்டை மட்டும் கேளும் கௌரி. எனக்கு ஏதும் நடந்தாலும் நீர்..."

ரிசீவருக்குள் யாரோ பெரிய கதவை அடித்துச் சாத்தியது போல ஒரு சத்தம். அதோடு அவன் குரலே மாறிவிட்டது.

"கௌரி! பிள்ளை எங்கை? பள்ளிக்கூடத்தாலை வந்திட்டாளோ?"

"வந்திட்டாள். உள்ளை உடுப்பு மாத்திறாள். ஏன் இப்பிடிப் பதறுறியள்?"

"அவளை வெளியிலை விடாதையும். நீரும் போகாதையும். கோயிலுக்கும் வேண்டாம், கடைக்கும் வேண்டாம். விளங்குதோ?"

"என்னத்துக்கு..." என்று அவள் வாயெடுத்தபோது வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. கோட்டைப் பக்கமிருந்து ஒரு முழக்கம் உருண்டு வந்து ஓய்ந்தது. உள்ளே மகள் "அம்மா!" என்று கத்தினாள்.

"குண்டு! திரும்பவும் வைச்சிட்டாங்கள்!" பத்மாவதி அக்கா பேப்பரைப் போட்டுவிட்டு ரேடியோவைத் திருக ஓடினாள். "இனிப் பார், கோட்டைக்குக் கிட்டக் கிடக்கிற கொட்டாஞ்சேனையிலை ஒரு லொட்ஜ் மிஞ்சாது. பதிவில்லாத ஆக்களை அள்ளிக்கொண்டு போகப்போறாங்கள். போன முறை போனவங்களே இன்னும் வரேல்லை."

கௌரி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தாள். கதவு சாத்தியது போன்ற அந்தச் சத்தம் முதலில் இதற்குள்தான் கேட்டது.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, அதற்கு மேலால் அழுகை வந்தது. இரண்டுக்கும் இப்போது நேரமில்லை. மேசையில் கிடந்த தாளை எட்டி எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, உங்கட பேரை நான் வெட்டேல்லை, வெட்டவும் மாட்டன்" என்றாள். பிறகு, அக்காவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"லொட்ஜைச் சுத்தி வளைக்கமுதல் பஸ்ஸேறி வீட்டை வாங்கோ."