வான்கோழிக்குக் காவல்

"மாட்டுக்கு ஊசி போடுற ஆளுக்குத் தொரை தின்னுற பறவையைப் பத்தி இன்னாய்யா தெரியும்?" என்றார் ரைஸ்மில் வேதாசலம். டாக்டருக்கு ஒரு நாற்காலி கூடக் காட்டவில்லை.

திருத்தணி மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் பரந்தாமன் வாசலில் குந்தி, அன்று காலை செத்த வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்தார். பத்தில் இது ஐந்தாவது.

வேதாசலத்துக்கு ராவ் சாகிப் பட்டத்தின் மேல் ஒரு கண். யுத்த நிதிக்கு அள்ளிக் கொடுத்தாயிற்று. கலெக்டர் தொரைக்கு மாலை போட்டுப் போட்டுக் கையும் சலித்தாயிற்று. பட்டம்தான் வந்தபாடில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தொரை திருத்தணியில் கேம்ப் போடுகிறார், அவர் மேஜைக்கு வான்கோழி போனால் பட்டம் வீடு தேடி வரும் என்று எவனோ ஊதிவிட்டான். ஆடி மாதமே பட்டணத்திலிருந்து பத்துக் குஞ்சுகள் ரயிலேறி வந்தன. ஊரில் எல்லோரிடமும் சொல்லியும் ஆயிற்று.

"ஈரலைப் பாருங்க, வட்ட வட்டமா புண்ணு" என்றார் பரந்தாமன். "எச்சம் மஞ்சளாப் போச்சா?"

"ஆங், போச்சு. தலையும் கறுத்துப் போச்சு. பின்னாடித் தெரு தறிக்காரன் கண்ணு வெச்சுட்டான்."

"கண்ணு இல்லீங்க. மொத குஞ்சு செத்தப்பவே சொன்னேனே. கோழி வயித்துப் புழுவுலதான் இந்த நோயே குந்திகினு இருக்குது. கோழி எச்சம் வுழுந்த எடத்துல வான்கோழி கொத்துச்சுன்னா தீந்துது. ஆனா கோழிக்கு ஒண்ணும் ஆவாது, கொழுகொழுன்னு மேஞ்சுகினு இருக்கும். நோய் வந்த பொறவு பொழைக்க வெக்கறது கஷ்டம். ரெண்டையும் ஒண்ணா வுடக்கூடாது, அவ்ளோதான்."

"என் கோழின்னு ஒண்ணு கூட இந்த வூட்டுல இல்லய்யா!"

"நெசந்தாங்க" என்றாள் வேதாசலத்தின் மனைவி வரலட்சுமி, கதவோரத்திலிருந்து. "என் பன்னெண்டு பொட்டைங்களையும் அன்னிக்கே பள்ளிப்பட்டுக்கு, எங்க நைனா வூட்டுக்கு ஓட்டிட்டாரு. இப்ப முட்டைக்கு நான் அடுத்த வூட்டுல போய் நிக்கறேன்."

"கொட்டாயை மாத்தினீங்களா?"

"கோழி கால் படாத எடமாப் பாத்து, பலகை அடிச்சு, சுண்ணாம்பு பூசி, நீ சொன்ன கூத்தெல்லாம் ஆடிட்டேன். அப்பவும் சாவுதே! இப்ப இன்னா சொல்றே?"

படித்ததெல்லாம் பொய்யா என்று பரந்தாமனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நான் உள்ள போய் ஒரு தடவை பாக்கணுங்க."

"பொணம் அறுத்த கையோடவா? உள்ள வேண்டுதல் இருக்கு. தீட்டு ஆவாது."

"இன்னா வேண்டுதல்?"

"அது எனக்கும் மலை மேல இருக்கறவனுக்கும். வெளிய சொன்னா பலிக்காது. ஒண்ணு சாவ சாவ வேண்டுதலைக் கூட்டிகினே வரேன். மிச்சம் அஞ்சு உசுரோட நிக்குதுன்னா அதனாலதான். உன்னாலன்னு நெனைச்சுக்காத."

"என்னைக் கூட அந்தப் பக்கம் வுடறதில்லீங்க. தீனி வெக்கறதும் அவரே" என்றாள் வரலட்சுமி. கோழி போன எரிச்சல் இன்னும் அவளுக்குத் தீரவில்லை.

பட்டணம் போய் அலைந்து வாங்கிவந்த புழு மருந்துப் பொட்டலத்தைப் பரந்தாமன் நீட்டினார். யுத்த காலத்தில் லேசில் கிடைக்காத மருந்து. வேதாசலம் அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போல் வாங்கினார்.

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி காலையில் ஆள் வந்தது. பரந்தாமன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினார். மிச்சம் ஒன்றே ஒன்று.

வேதாசலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நாளைக்குத் தொரை வராரு. ஊரெல்லாம் சிரிக்கப் போவுது! ஒரு பறவையைக் காப்பாத்தத் தெரியாத உனக்கெல்லாம் சர்க்கார் சம்பளம் ஒரு கேடா? இந்த ஒண்ணும் போச்சுன்னா தொரைகிட்டச் சொல்லி உன்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்தலேன்னா என் பேரு வேதாசலம் இல்ல!"

பரந்தாமன் சட்டையைக் கழற்றினார், நேராகக் கிணற்றடிக்குப் போனார், நாலு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு திரும்பி வந்தார்.

"இன்னிக்கு நான் எதையும் அறுக்கல. தலையும் முழுகிட்டேன். இப்ப தீட்டு இல்லியே? தள்ளுங்க."

வேதாசலம் ஒதுங்கினார். பரந்தாமன் கொட்டகைக் கதவைத் தள்ளினார்.

மூலையில் கடைசி வான்கோழி இறக்கை தொங்க, கறுத்த தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. அதன் தீனித் தட்டைச் சுற்றி, காலில் மஞ்சள் துணி கட்டிய ஒன்பது சேவல்கள் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்தன.

வேதாசலம் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எல்லாம் முருகனுக்கு நேந்துவுட்ட சேவல்யா! ஒண்ணு சாவ சாவ ஒண்ணொண்ணா உள்ள காவலுக்கு வுட்டேன். நோய் இருக்கற எடத்துலயேதான் மேயுது, இதுல ஒண்ணாவது சுருண்டுச்சா பாரு!"