கைதட்டல்

தம்பியின் பாடையைத் தோளிலிருந்து இறக்கி வைத்ததும் அய்யாத்துரையின் வேட்டி மடியிலிருந்து கைதட்டல் கேட்டது. சுடுகாட்டில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்க்கரை நோய்க்காக அவர் போனில் போட்டிருந்த ஆப் அது. எந்த ஊரில் எவன் செய்தானோ.

"அத அமத்துங்க மச்சான்," என்றார் தங்கையின் கணவர்.

பிணம் கிடந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். அய்யாத்துரை போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"வாழ்த்துகள்! இன்று நிறைய நடந்தீர்கள். உணவில் நல்ல கட்டுப்பாடு. நாளையும் இதேபோல் செய்யுங்கள்."

வெட்டியான் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். அய்யாத்துரை போனை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நாளைக்கு யாரத் தூக்கணும்? சொல்லுடா."