ஜன்னலுக்குச் சொன்ன சேதி

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு மேவிஸ் கண்மூடிக் கிடந்தாள்.

"ஆத்துல தண்ணி வந்துடுச்சு. செம்மண்ணு மணக்குது. கங்காரு கூட்டமா இறங்குது," என்று, அவளுக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலிடம் சொல்லிக்கொண்டிருந்தான் கிளிஃபர்ட்.

மூடிய கண்ணுக்குள் மேவிஸின் பாதங்கள் அந்த ஆற்றில் நனைந்துகொண்டிருந்தன.

"காலையிலேயே குடிச்சிட்டு உளறுறான். செக்யூரிட்டியைக் கூப்பிடுறேன்." புது நர்ஸ் போனை எடுத்தாள்.

மேவிஸ் பதறி விழித்தாள். "வேணாம் கண்ணு! அவர் போயிட்டா என் ஊரும் போயிடும்."

"தெரிஞ்சவரா? உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலையே!"

"எப்படிப் பார்ப்பார்? என் மருமகன். எங்க ஆதிகுடியில மாமியார் முகத்தைப் பார்க்கவோ நேரா பேசவோ கூடாது. அதுதான் மரியாதை. எங்க ஊர்ல மெஷின் இல்லாம ஐநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து கிடக்கேன். வாராவாரம் வண்டி ஓட்டிவந்து ஊர்ச்சேதி சொல்றார்."

"மன்னிச்சிடுங்க. நான் என்னமோ…"

"ஒரு வெள்ளைக்காரர் ஜன்னலோட பேசினா, போன்ல பேசுறார்னு விட்டிருப்பே."

நர்ஸ் போனை வைத்தாள்.

கிளிஃபர்ட் திரும்பவேயில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜன்னலே, நம்ம ஊருக்கே மெஷின் கேட்டு எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. ஆத்தைப் பார்த்தாப்ல அதை எந்த இடத்துல வைக்கணும்னு மட்டும் ஒருத்தங்க வந்து சொல்லணும்," என்றான்.