புல்லுக்கு வகிடு

மாலை வெயிலில் குடியிருப்பு வாசலோரத்துப் பதினோரு புற்புதர்களும் வெள்ளிக் கதிர்களோடு மினுங்குகின்றன. சங்கத் தீர்மானத்தில் அவற்றுக்குப் பெயர் களை. ஓய்வுபெற்ற நர்ஸம்மா முக்காலியில் உட்கார்ந்து, அகலப்பல் சீப்பால் முதல் புதரை வாருகிறார். காய்ந்த புல்தாள் சீப்போடு வருகிறது, பச்சை நிற்கிறது. எதிரே சங்கச் செயலாளர் தீர்மானத்தைச் சுருட்டிப் பிடித்திருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் புல்வெட்டி மெஷின் உறுமுகிறது. "என்ன நர்ஸம்மா, புல்லுக்குத் தலை வாரி விடுறீங்களா?" "உங்களுக்கு வாரலாம்னா, அதுக்கு வழியில்லையே சார்." மெஷின்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொள்கிறார். செயலாளரின் கை வழுக்கை வரைக்கும் போய்த் திரும்புகிறது. "மூணு வருஷமா வளர்த்தது சார். களையை யாராவது வாருவாங்களா?" "சரி, ஆசைக்கு வாரி முடிச்சிடுங்க. முடிச்சதும் வெட்டிடுவோம்." பெருந்தன்மையோடு அவர் கையசைக்க, மெஷின் அடங்குகிறது. இப்போது சீப்பின் சரசரப்பு மட்டும் கேட்கிறது. நர்ஸம்மா அவசரமே இல்லாமல் ஒவ்வொரு புதருக்கும் வகிடெடுக்கிறார். மெஷின்காரர் மதில்மேல் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் நாலாவது தடவையாகக் கடிகாரம் பார்க்கும்போது பதினோராவது புதரும் முடிகிறது. அந்த நேரம் பார்த்துக் காற்று எழுந்து, பதினொன்றையும் பரட்டையாக்கிவிட்டுப் போகிறது. நர்ஸம்மா முக்காலியைத் தூக்கிக்கொண்டு முதல் புதருக்கே வருகிறார். "கலைஞ்சிடுச்சு சார்," என்று சீப்பை ஊதுகிறார்.