தழும்பு தெரிய வேண்டும்

“பொண்ணு முகத்தை எடுக்கவா? அப்போ இந்தக் கலர் ஃபிலிம் போடுங்கம்மா, தோலைப் பூ மாதிரி காட்டும்” என்றார் கடைக்காரர்.

“வேண்டாங்க. தழும்பு இருந்தா அப்படியே தெரியணும்” என்றாள் தாய். கூட வந்த சிறுமி ஒவ்வொரு கேமராவுக்கும் விலை கேட்டு வாயடித்துக்கொண்டிருந்தாள்.

பொண்ணை எவனோ அடித்திருக்கிறான் என்று நினைத்த கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “அப்போ நூறு ஸ்பீடு ஃபிலிம் போடுங்க. வெயில்ல எடுத்தா ஊசிமுனைக் கீறல்கூடத் தப்பாது. கேஸ் போடப்போறீங்களா?”

“ஐயோ, இல்லைங்க! தீக்காயத்துக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கு அனுப்பணும். முகம் தேறுமான்னு கவலையோடயே வெளியூர் போனார், புண்ணியவான். பூசி மெழுகின படம்னு அவர் நினைச்சிடக் கூடாது.”

“அந்தப் பொண்ணு எங்கேம்மா?”

“இதோ, இவதான்.”

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். “எந்தக் கன்னம் பாப்பா?”

“கண்டுபிடிங்க பார்க்கலாம்!” என்று இரண்டு கன்னத்தையும் காட்டிச் சிரித்தாள் வாயாடி.