வேறு சைக்கிளின் ஃபோர்க்

இரண்டு விரலில் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசான பழைய ரேஸ் சைக்கிள். அதைக் கொண்டுவந்த கணவரும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, மெக்கானிக் அதைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியிலிருந்த நம்பரைத் துடைத்துப் படித்தார்.

“பிரேம் எழுபத்தொண்ணு மாடல் சார். ஆனா முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற இந்த ஃபோர்க் எழுபத்தெட்டு. வேற சைக்கிளோடது. யாரோ உங்க தலைல கட்டிட்டாங்க.”

மனைவி கேட்டாள். “பழைய ஃபோர்க் என்னாச்சு தம்பி?”

“உடைஞ்சிருக்கும்மா. இங்க பாருங்க, கழுத்துக்கிட்ட பிரேம் குழாய் புடைச்சிருக்கு. வேகமாப் போய் எது மேலயோ இடிச்சிருக்கு.”

“எது மேலயோ இல்ல, என் மேல. இவரோடது உடைஞ்சதும் மாட்டின இந்த ஃபோர்க் என் சைக்கிளோடது.” மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். “நாம முதல்முதலா பேசின அன்னைக்கு நான்தான் வந்து இடிச்சேன்னு, கல்யாணமான நாள்லேருந்து ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்களே?”

“சரி, நான்தான் இடிச்சேன்,” என்றார் கணவர். “வேணும்னுதான் இடிச்சேன்.”